தாது வருஷப் பஞ்சம் பத்தி டிசர்டேஷன், சோர்ஸ் எங்க தேடுறது எப்படி அடுக்குறது?

சேலத்தான்99:
எம்.ஏ. ஹிஸ்டரி கடைசி வருஷம். 1876-78 பஞ்சத்துல சேலம் ஜில்லா பட்ட பாடு, அதான் டாபிக். நெட்ல கண்ணுல பட்ட பிடிஎஃப் எல்லாம் இறக்கி வச்சிருக்கேன், பாதி ஃபைலுக்கு பேரு வெறும் நம்பர், எதுல என்ன இருக்குன்னு தெரியல. கைடு "பிரைமரி சோர்ஸ் (அந்தக் காலத்து மூல ஆவணம்) எங்கப்பா"ங்குறார். சென்னைல ஒரு வாரம் தான் தங்க முடியும். எங்கெங்க போகணும்?

எழும்பூர்வாசி:
தம்பி, பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே பாதி வேலைய முடிச்சிடு. வில்லியம் டிக்பி இந்தப் பஞ்சத்தப் பத்தி 1878ல போட்ட ரெண்டு வால்யூம் நெட்லயே கிடைக்கும், அந்தாளு அப்ப மெட்ராஸ் டைம்ஸ் எடிட்டர், அரசாங்க லெட்டரையெல்லாம் நீள நீளமா எடுத்துப் போட்டிருப்பார். கூடவே 1880 ஃபேமின் கமிஷன் ரிப்போர்ட், லெ ஃபானு எழுதின சேலம் மேனுவல் (ஜில்லா பத்தின கையேடு). இதுல வர்ற ஆர்டர் நம்பர், தேதி, டிபார்ட்மெண்ட் மூணையும் ஒரு நோட்ல குறிச்சுக்கோ. அத வச்சுக்கிட்டு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக்காப்பகம் போனா இண்டெக்ஸ்ல நேரா தேடலாம், இல்லன்னா ஒரு வாரமும் இண்டெக்ஸ் புரட்டுறதுலயே போயிடும். ரெவின்யூ டிபார்ட்மெண்ட் வேற, போர்டு ஆஃப் ரெவின்யூ வேற, குழப்பிக்காத. காலேஜ் லெட்டர் கைல இருக்கட்டும். கன்னிமாரா நூலகமும் எழும்பூர் தான், நடந்தே போயிடலாம்.

பழையபேப்பர்:
ஒரு விஷயம், 1877க்கு ஹிண்டு தேடி மைக்ரோஃபிலிம் முன்னாடி உக்காந்துடாதீங்க ப்ரோ, அது ஆரம்பிச்சதே 1878 செப்டம்பர், சுதேசமித்திரன் 1882. அந்தக் காலத்து தமிழ் பத்திரிகைங்க என்ன எழுதுச்சுன்னு பாக்க நேட்டிவ் நியூஸ்பேப்பர் ரிப்போர்ட்ஸ் தான் வழி, அரசாங்கமே ஆள் வச்சு மொழிபெயர்த்து வச்சது. சுருக்கம் தான், அதுவும் அவங்களுக்கு உறுத்துனது மட்டும், ஆனா வேற கதி இல்ல.

மலர்விழி:
அடுக்குறதுக்கு ஸோட்டரோன்னு ஒரு சாஃப்ட்வேர் போதும், இலவசம். ஆனா புக்கு வாரியா ஃபோல்டர் போடாதீங்க, கேள்வி வாரியா போடுங்க. இப்ப 1877 ஜனவரில இந்திய அரசாங்கம் அனுப்பின ரிச்சர்ட் டெம்பிள் வந்து நிவாரண வேலைக் கூலிய நாளைக்கு 1 பவுண்ட் தானியத்துக்கான காசு, மேல கொஞ்சம் சில்லறைன்னு குறைச்சார்ல, மெட்ராஸ் சானிடரி கமிஷனர் (சுகாதார அதிகாரி) கார்னிஷ் இதுல ஆள் செத்துப்போவான்னு சண்டை போட்டார். ரெண்டு பேர் லெட்டரும் "கூலி"ன்னு ஒரே ஃபோல்டர்ல இருந்தா தான் எழுதும்போது கை ஓடும். ஃபைல் பேரு வருஷம்-மாசம்-தேதி, அப்புறம் டிபார்ட்மெண்ட், நம்பர், அவ்ளோதான். போட்டோ எடுக்க விடுவாங்களான்னு முதல்லயே கேட்டுக்கங்க, விட்டா கட்டோட மேல் அட்டைய முதல்ல எடுங்க.

எழும்பூர்வாசி:
ஸோட்டரோல்லாம் சரிம்மா, எனக்கு இன்னமும் நோட்டு தான். பவர் கட்டானாலும் படிக்கலாம்.

சேலத்தான்99:
அக்கா, ஐயா, ப்ரோ எல்லாருக்கும் நன்றி. சென்சஸ்ல 1871ல 19.7 லட்சம் இருந்த ஜில்லா 1881ல 16 லட்சம் தான், இந்த வித்தியாசத்த அப்படியே சாவுக் கணக்கா போடலாமா?

மலர்விழி:
போட்டா வைவால (வாய்மொழித் தேர்வுல) மாட்டுவீங்க. ஊர விட்டுப் போனவங்க இருக்காங்க, பஞ்சத்துல பிறப்பும் குறையும். அப்ப சேலம் ஜில்லான்னா தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் சேர்த்து தான், அதையும் முதல் பக்கத்துலயே சொல்லிடுங்க. டைம் இருந்தா தரமணி ரோஜா முத்தையா நூலகத்துல பஞ்சக் கும்மி ஏதாவது இருக்கான்னு கேட்டுப் பாருங்க, சர்க்கார் பேப்பர்ல பசி பத்தி அப்படி வராது.