2012 மாடல் செகண்ட்ஹேண்ட் கார்: ரீகால் வேலை பாக்கி இருக்கிறதா என்று அறிவது எப்படி?

காவிரிக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். 2012இல் தயாரான செடான் கார் ஒன்றைச் சென்ற மாதம் திருச்சியில் வாங்கினேன். அதற்கு நான் மூன்றாவது உரிமையாளர். ஆர்.சி.யில் பெயர் மாற்றம் முடிந்துவிட்டது. ஆனால் சர்வீஸ் புத்தகம் 2016ஆம் ஆண்டோடு நின்றுபோயிருக்கிறது. அந்தக் காலத்தில் வந்த பல கார்களை நிறுவனங்களே திரும்ப அழைத்து (ரீகால்) ஏர்பேக்குகளை மாற்றினார்கள் என்று படித்ததிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை, ஏனென்றால் முன் இருக்கையில் பெரும்பாலும் உட்கார்ந்து வருபவர் என் அம்மா. விற்றுக்கொடுத்த புரோக்கர், டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியாதவரை பயமில்லை என்கிறார். ஒரு சர்வீஸ் சென்டரில் ஃபோனில் விசாரித்தபோது, ஏழு ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு ரீகால் கிடையாது என்று சொல்லி வைத்துவிட்டார்கள். இந்தப் பதில்கள் சரிதானா?

பட்டறைவாசி:

இரண்டுமே சரியல்ல. அந்த விளக்கு மின்சுற்றின் நிலையை மட்டுமே காட்டும். வயர் அறுந்தாலோ, சென்சார் கெட்டாலோ, கனெக்டர் தளர்ந்தாலோ எரியும். நீங்கள் படித்தது தகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த ஏர்பேக்குகளைப் பற்றி. அவற்றில் கோளாறு மின்சுற்றில் இல்லை, பையை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டர் என்ற உலோகக் குடுவைக்குள் வெடிமருந்தாக இருக்கும் அம்மோனியம் நைட்ரேட்டில் இருக்கிறது. ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்காத அந்த மருந்து வெயிலிலும் புழுக்கத்திலும் ஆண்டுக்கணக்கில் சூடாகிச் சூடாறிப் பதம் கெட்டுவிட்டால், மோதலின்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, குடுவையையே உடைத்து, அதன் துண்டுகளைப் பையைக் கிழித்துக்கொண்டு எதிரில் இருப்பவர் மீது பாயச் செய்கிறது. அமெரிக்காவில் ஃப்ளோரிடா போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த மாநிலங்களின் வண்டிகளுக்கு முன்னுரிமை கொடுத்ததற்கு இதுவே காரணம். நம் கடலோர ஊர்களின் புழுக்கம் அதற்குக் குறைந்ததல்ல. வண்டிக்கு வயதாக ஆக இந்த ஆபத்து கூடுமே தவிரக் குறையாது.

ஏழு ஆண்டுக் கணக்கு வேறு இடத்திலிருந்து வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 110ஏ பிரிவின்கீழ் வகுக்கப்பட்டு 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகள், உரிமையாளர்களின் புகார்களை வைத்து அரசே கட்டாய ரீகாலுக்கு உத்தரவிடுவதை ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளோடு நிறுத்துகின்றன. நிறுவனங்கள் தாமாக அறிவிக்கும் ரீகால் வேறு. ஹோண்டா 2016 ஜூலையில் இந்தியாவில் தகாட்டா ஏர்பேக்குக்காகத் திரும்ப அழைத்த சுமார் 1.9 லட்சம் கார்களில் ஏழு ஆண்டைக் கடந்தவையும் இருந்தன. ஆகவே அந்த ஃபோன் பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

வைகை_மூர்த்தி:

சரிபார்ப்பது முழுக்கச் சேசிஸ் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) வைத்துத்தான். மாடலையும் ஆண்டையும் சொல்லிக் கேட்டால் உறுதியான பதில் கிடைக்காது, ஏனெனில் ஒரே மாதத்தில் தயாரான இரண்டு கார்களில் ஒன்று பட்டியலில் இருக்கும், மற்றது இருக்காது. ஆர்.சி.யில் உள்ள 17 இலக்க எண்ணை வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பெயர் மாற்றத்துக்கு அதன் மேல் தாளை வைத்துத் தேய்த்துப் பென்சில் பிரிண்ட் எடுத்திருப்பீர்கள், அதே இடம்தான். அந்த எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வரா. ஓ போலத் தெரிந்தால் அது சுழியம், ஐ போலத் தெரிந்தால் ஒன்று. இந்தக் குழப்பத்தால் தவறாக உள்ளிட்டு "பதிவு இல்லை" என்று வந்ததும் நிம்மதி அடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த எண்ணை உங்கள் கார் நிறுவனத்தின் இந்திய இணையதளத்தில் ரீகால் பார்க்கும் பக்கத்தில் உள்ளிடுங்கள். அமெரிக்க அரசின் தளம் அங்கே விற்ற வண்டிகளுக்கானது. அது நமக்கு உதவாது. பிறகு அதே எண்ணோடு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு நேரில் போய், எந்த ரீகால் வேலை எந்தத் தேதியில் முடிந்தது என்று கணினியில் பார்க்கச் சொல்லுங்கள். முதல் உரிமையாளர் காலத்திலேயே மாற்றியிருந்தாலும் விட்டுவிட வேண்டாம். சில நாடுகளில் முதல் சுற்றில் பழைய வகை இன்ஃப்ளேட்டரையே புதிதாகப் பொருத்தி, பின்னர் அவற்றையும் மீண்டும் மாற்ற வேண்டியதாயிற்று. உங்கள் முகவரியையும் கைபேசி எண்ணையும் அங்கே பதிந்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த கடிதமும் முதல் உரிமையாளர் வீட்டுக்கே போகும்.

யாழ்வாசி:

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு குறிப்பு. இங்கே ஓடும் வாகனங்களில் பெரும்பகுதி ஜப்பானில் பாவித்துவிட்டு இறக்குமதி செய்தவை. ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கான வாகனத்தின் சேசிஸ் இலக்கம் 17 எழுத்துகள் கொண்டதல்ல. மாடல் குறியீடு, ஒரு சிறு கோடு, அதன் பின் தொடர் இலக்கம் என்று குறுகியதாக இருக்கும். வேறு நாட்டுத் தளங்கள் அதை ஏற்காது. அந்த நிறுவனத்தின் ஜப்பானிய மொழித் தளத்தில்தான் தேட வேண்டும். மொழிபெயர்ப்புக் கருவி இருந்தால் ஐந்து நிமிட வேலை. 2018 மே முதல், தகாட்டா ரீகால் செய்யப்படாத பல வாகனங்களை ஜப்பான் தன் கட்டாயப் பரிசோதனையில் தேறவிடுவதில்லை. அதற்கு முன்னரே கப்பலேறி வந்த வாகனம் என்றால் கட்டாயம் பாருங்கள்.

காவிரிக்கரை:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுக் காலை தரைவிரிப்பை விலக்கி, ஈரத்துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் படித்தேன். நான் "ஓ" என்று நினைத்திருந்தது சுழியம்தான். சரியாக உள்ளிட்டதும், பயணியின் பக்கத்து இன்ஃப்ளேட்டர் இன்னும் மாற்றப்படவில்லை என்று வந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு நேரில் போனேன். உதிரிபாகம் வரவழைக்க வேண்டும், கட்டணம் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை ஏர்பேக் வயரைக் கழற்றிவிடலாமா?

பட்டறைவாசி:

வேண்டாம். அதில் வெளியார் கை வைக்கவே கூடாது. வேலை முடியும்வரை அம்மாவைப் பின் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள், முன் இருக்கை காலியாகவே இருக்கட்டும். மாற்றிய பின் சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் கார்டில் (வேலை விவரச் சீட்டு) சேசிஸ் எண்ணும் மாற்றிய பாகத்தின் பெயரும் எழுதியிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.