ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டவரும் டீ கிளாஸ் வட்டமும்

அஸ்தம்பட்டி வாசகன்:
நாலு மாசம் ஆகியும் மறக்க முடியவில்லை. புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடை. புத்தகத்தைப் பதிப்பகத்தில் சேர்த்துவிடும் இலக்கிய ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டவர் என் நாவலைத் திறக்கவே இல்லை, கையில் தூக்கி எடை பார்த்தார். "படிச்சுப் பார்க்க எட்டாயிரம், ஐஎஸ்பிஎன், அதான் புக்குக்கு அடையாள நம்பர், அது வாங்க மூவாயிரம் ஆகுங்க தம்பி." ஸ்பைரல் போடும்போது மேல் அட்டைக்குக் காசு பார்த்து விட்டுவிட்டேன், அதனால் முதல் பக்கம்தான் மேலே இருந்தது. பேசிக்கொண்டே டீ கிளாஸை அதன்மேல் வைத்தார். வட்டமாகக் கறை. அப்போதும் பணம் அனுப்பத்தான் போனை எடுத்தேன். சார்ஜ் இல்லை, தப்பித்தேன். டீக்குக் காசு கொடுத்ததும் நான்தான்.

ஏற்காட்டு அக்கா:
காசு வாங்காமல் படித்தவரையும் சொல்கிறேன். மலை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர். அடிவாரத்தில் கதையைக் கொடுத்தேன். 20 கொண்டை ஊசி வளைவு, எனக்கு வயிற்றைப் புரட்டியது, அவர் நிமிரவே இல்லை. பதினாலாவது வளைவில் ஒன்பதாம் பக்கத்தின் மூலையை மடித்து, "கதை இங்கதான் ஆரம்பிக்குது கண்ணு" என்றார். அதற்கு முந்திய எட்டுப் பக்கமும் நான் இழைத்து இழைத்து எழுதிய ஏரி வர்ணனை! வீட்டுக்குப் போய் அழுதேன். அப்புறம் வெட்டினேன்.

செவ்வாய்ப்பேட்டை:
அஸ்தம்பட்டி, கோபித்துக்கொள்ளாதீர்கள், தப்பு உங்கள் மேலும்தான். புத்தகம் விலைபோன பிறகு எழுத்தாளருக்கு வரும் பணத்தில் பொதுவாக 15 சதவீதம், வெளிநாட்டு உரிமை என்றால் 20 சதவீதம் எடுத்துக்கொள்பவர்தான் ஏஜென்ட். முன்னாலேயே காசு கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டும். ஐஎஸ்பிஎன் எண்ணை நம் நாட்டில் அரசே இலவசமாகத் தருகிறது. தமிழில் எழுதினால் பெரும்பாலும் ஏஜென்டே வேண்டாம், பதிப்பகத்துக்கு நேராக அனுப்பலாம். ஆங்கிலம் என்றால் ஒரு பக்கக் கடிதம், கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம் என்று மின்னஞ்சலில் கேட்பார்கள். ஆளுக்கு ஆள் விதி மாறும், பார்த்து அனுப்புங்கள். பத்துப் பேரை ஒரே மெயிலில் சேர்க்காதீர்கள். அனுப்பும் முன் வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். என் அனுபவமா? 11 மறுப்பு. ஒன்றில் மட்டும் 'உரையாடல் நன்று' என்று இருந்தது.

அஸ்தம்பட்டி வாசகன்:
அண்ணே, இதெல்லாம் இப்போது எனக்கும் தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை, அதைத்தான் சொன்னேன். சரி, அக்கா, அந்த டீச்சர் எந்த பஸ்ஸில் வருவார்?