சட்டத்தை விளங்கப்படுத்த ஆள் கிடைத்தபோது: யாழ்ப்பாணத்து அனுபவங்களைச் சொல்லுங்கள்

தென்மராட்சியில் இருந்து:

எங்கள் சித்தியின் கதையோடு தொடங்குகிறேன். சாவகச்சேரிக்கு அங்கால் அவருக்குச் சீதனமாக வந்த காணி ஒன்று இருக்கிறது. சித்தப்பா போரின் கடைசிக் காலத்தில் காணாமல் போனவர். மகளுக்குக் கலியாணம் முற்றானதும் அந்தக் காணியை மகள் பெயருக்கு எழுதலாம் என்று வெளிக்கிட்டார். யாழ்ப்பாணத் தமிழருக்கு உரிய பழைய வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி கலியாணம் முடித்த பெண் தன் காணியை எழுதிக் கொடுக்கப் புருஷனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று தரகர் ஒருவர் தடுத்துவிட்டார். அவர் சொன்னது உண்மைதான். அதற்கு அவர் காட்டிய வழிதான் பிழை. "மரணச் சான்றிதழ் எடுங்கோ அக்கா, இதுக்கு வேற வழியில்லை" என்றிருக்கிறார். இன்றைக்கும் கோவிலில் சித்தப்பாவின் பெயருக்கு அர்ச்சனை செய்கிறவர் எப்படி அதற்குக் கையெழுத்து வைப்பார்? கலியாணம் தள்ளிக்கொண்டே போனது.

பிறகு எங்கள் சனசமூக நிலையத்தில் ஒரு சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தார்கள். பேச வந்தவர் ஓர் இளம் பெண் சட்டத்தரணி. பேசி முடித்த பிறகும் எழும்பிப் போகாமல், கதிரையைச் சனத்தின் பக்கம் இழுத்துப் போட்டு ஒவ்வொருவராகக் கேட்கச் சொன்னார். சித்தி தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

அந்தப் பிள்ளை சொன்னது இதுதான். தேசவழமைக்காரருக்குச் சம்மதம் வேண்டும் என்று சொல்கிற அதே 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலேயே, புருஷன் கைவிட்டுப் போயிருந்தால், இருக்கிற இடம் தெரியாவிட்டால், நியாயமில்லாமல் சம்மதம் தர மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி எடுக்கலாம் என்றும் இருக்கிறது. மரணச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. அதைவிட, காணாமல் போனவர் என்றே பதிந்து சான்றிதழ் எடுக்கவும் 2016இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அதில் இறந்தவர் என்று எங்கேயும் வராது. சித்தி அந்த இடத்திலேயே அழுதுவிட்டார்.

எனக்கு இன்றுவரை ஆறாத விடயம், நூறு வருடத்துக்கு மேல் பழைய சட்டத்தில் தடுக்கிற பகுதி மட்டும் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. வழி விடுகிற பகுதியை ஒருவரும் சொல்லவில்லை. சித்தியைப் போல எத்தனை பெண்கள் இப்படி இருப்பார்கள்! மனுவுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகம் உதவியது. வழக்குப் பேச ஆள் தருவதென்றால் வருமானம் பார்ப்பார்கள். சித்தி அதற்குள் அடங்கினார். மகள் இப்போது அந்தக் காணியில்தான் வீடு கட்டுகிறாள்.

உங்களுக்கும் இப்படி யாராவது விளங்கப்படுத்தி வழி பிறந்திருந்தால் எழுதுங்கள்.

கொக்குவிலில் இருந்து:

என் தம்பிக்கு மோட்டார் சைக்கிள் விபத்து. பொலிஸ் நிலையம் ஒன்றில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டு "சைன் பண்ணுங்க" என்று நீட்டினார்கள். முன்பு என்றால் நாங்களும் வைத்துவிட்டு வந்திருப்போம். அதற்குக் கொஞ்சம் முன்னர்தான் பெண்கள் அமைப்பு ஒன்றின் வகுப்பில் இதைப் படிப்பித்திருந்தார்கள்: எழுதிய வாக்குமூலத்தைச் சொன்னவருக்குக் காட்ட வேண்டும் அல்லது வாசித்துக் காட்ட வேண்டும், மொழி தெரியாவிட்டால் தெரிந்த மொழியில் சொல்ல வேண்டும், அதில் விளக்கம் சொல்லவும் இன்னும் சேர்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. சண்டை பிடிக்காமல், "ஐயா, தமிழில் ஒருக்கால் சொல்லுங்கோ, கேட்டுவிட்டு வைக்கிறோம்" என்று நான் சொன்னேன். தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார்கள். தம்பி வந்த பக்கமே மாறி எழுதியிருந்தது! திருத்திய பிறகுதான் கையெழுத்து வைத்தான்.

பருத்தித்துறைப் பக்கம்:

வேலித் தகராறு. தகராறுகளைப் பேசித் தீர்த்து வைக்கிற இணக்க சபைக்குப் போனோம். காசு எடுக்கவில்லை. அங்கே சட்டத்தரணியை வைத்துப் பேசவும் முடியாது, நாங்களே சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அதுதான் நல்லதாகப் போனது. மனதில் இருந்ததை எல்லாம் சொன்னார். கதியால் இப்போது பழைய எல்லையிலேயே நிற்கிறது.

சுன்னாகத்தில் இருந்து:

நல்ல அனுபவங்கள். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கூட்டங்களை ஏன் கிழமை நாளில் காலை பத்து மணிக்கு வைக்கிறார்கள்? தோட்டத்துக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்கள் எப்படி வருவது? எங்கள் பக்கத்தில் நடந்தபோது வந்தவர்கள் அனேகமாக ஓய்வூதியக்காரர்கள். தேவைப்பட்டவள் என் பக்கத்து வீட்டுப் பிள்ளை. புருஷன் அடிக்கிறான், "விவாகரத்து எடுத்தால்தான் ஏதும் செய்யலாம்" என்று நினைத்துக்கொண்டு இருந்தவள். விவாகரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவளே விண்ணப்பிக்கலாம், அவள் சார்பில் பொலிஸும் விண்ணப்பிக்கலாம். கட்டளை பன்னிரண்டு மாதம் வரைக்கும் இருக்கும். இதை நான்தான் இரவில் அவளுடைய குசினிக்குள் இருந்து சொல்ல வேண்டியிருந்தது. கோவில் திருவிழா நாட்களில், சந்தையடியில், பின்னேரத்தில் ஒரு மேசை போட்டு இருங்கள். சனம் வரும்.

துண்டுப்பிரசுரங்களையும் பாருங்கள். எல்லாம் கடுமையான மொழிபெயர்ப்புத் தமிழ். ஓ.எல். படித்த எனக்கே இரண்டு தரம் வாசிக்க வேண்டியிருக்கிறது. ஆச்சிமாருக்கு என்ன விளங்கும்?

தென்மராட்சியில் இருந்து:

சுன்னாகம் அக்கா சொல்வது முழுக்கச் சரி. எங்கள் ஊரில் வைத்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்றபடியால்தான் சித்தி வந்தார்.

தீவுப் பக்கத்தில் இருந்து:

வீட்டுத்திட்டத்துக்கு எங்களை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அலுவலகத்தில் "புள்ளி காணாது" என்று மட்டும் சொல்வார்கள். எங்கள் ஊர் இளைஞர் சங்கத்துக்கு வந்த ஒருவர், 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றிச் சொல்லித் தந்தார். காரணம் எதுவும் எழுதத் தேவையில்லை, விண்ணப்பிக்கக் காசும் இல்லை. தகவல் அலுவலருக்கு எழுதிக் கொடுத்தால் பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே அலுவலகத்தில் குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு.

நான் தமிழில்தான் கையால் எழுதிக் கொடுத்தேன். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள், அதை மறக்க வேண்டாம். முதலில் மழுப்பலாக ஒரு பதில். மேன்முறையீடு செய்த பிறகு புள்ளி போட்ட தாளின் பிரதி வந்தது. மூன்று பிள்ளைகள் இருக்கிற எங்கள் வீட்டை இரண்டு பேர் கொண்ட குடும்பம் என்று பதிந்திருக்கிறார்கள். கிராம சேவகரின் கடிதத்தையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் வைத்துத் திருத்தச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். அதே பட்டியலில் விடுபட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று நான் சொல்லித் தருகிறேன்.