ஸ்விஃப்டுக்கு டிசையர் பின் ஸ்பிரிங் போடலாமா?

என் வண்டி 2010 ஸ்விஃப்ட் டீசல். மாம்பழ சீசனில் சந்தூர் தோப்பிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஆறு கிரேட் ஏற்றுவேன். பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது, வேகத்தடையில் தட்டுகிறது. பழைய சாமான் கடையில் டிசையர் காயில் ஸ்பிரிங் ஒரு ஜோடி இருக்கிறது. பொருந்துமா அண்ணா?

பதில் 1:
தம்பி, தர்மபுரியில் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே அடித்தளம்தான், பின்னால் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குத் தண்டு. ஆனால் ஸ்பிரிங் இடத்தில் பொருந்துவதும் அதன் விறைப்பும் வேறு வேறு விஷயம். டிசையருக்கு டிக்கி கனம் உண்டு, ஸ்பிரிங்கும் அதற்கேற்றபடிதான். பார்ட் நம்பரைப் பாருங்கள், கம்பியின் தடிமனையும் பாரமில்லாமல் தனியாக நிற்கும் உயரத்தையும் அளந்து பாருங்கள். பழைய ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பணம் வீண். ஒரு பக்கம் மட்டும் மாற்றவே கூடாது. முதலில் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா, பம்ப் ஸ்டாப் (ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது தாங்கும் கட்டை) நொறுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தட்டும் சத்தம் பாதி அங்கேதான் கிடைக்கும்.

பதில் 2:
பீமை வண்டியோடு இணைக்கும் ரப்பர் புஷ்ஷையும் சேர்த்துப் பாருங்கள். மாற்றினால், வண்டி தரையில் நிற்கும் உயரத்தில்தான் போல்ட்டை இறுக்க வேண்டும். சக்கரத்தைத் தொங்கவிட்டு இறுக்கியதால் என் புஷ் சீக்கிரமே கிழிந்தது. தொப்பூர் இறக்கத்தில் வால் ஆடியபோது உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

கேட்டவர்:
பார்த்தேன் அண்ணா. இடது ஷாக் முழுக்க எண்ணெய், பம்ப் ஸ்டாப் துண்டு துண்டு. இரண்டு பக்கமும் ஸ்விஃப்டுக்கே உரியதைப் புதிதாகப் போடுகிறேன். இனி நான்கு கிரேட்தான்.