இங்கிலாந்துக் கிராமத்தில் குடியேறியவர்களுக்கு: ஊர் ஆலயமும் ஊர் வாழ்க்கையும்

நர்ஸாகவோ கேர் ஹோம் வேலைக்கோ இங்கிலாந்து வந்த நம்மவர்களில் பலருக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை. விசாவுக்கு ஸ்பான்சர் செய்த வேலையிடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வீடு. லண்டனில் தமிழர் நிறைந்த ஈஸ்ட் ஹாமும் ஹாரோவும் எட்டாத தூரம். ஒரு பப், ஓர் ஆரம்பப் பள்ளி, எப்போதாவது வரும் பஸ், நடுவே ஒரு பெரிய பழைய ஆலயம். அப்படி ஒரு கிராமத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் இருப்பது நார்ஃபோக். இந்த ஒரு கவுண்டியில் மட்டும் இடைக்காலத்தில் கட்டிய ஆலயங்கள் 650க்கு மேல் இருக்கின்றன. எந்த ரோட்டில் போனாலும் ஒரு கோபுரம் கண்ணில் படும்.

இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் யாராக இருந்தாலும் சரி, ஊர் ஆலயத்தோடு ஒரு தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். வழிபாட்டுக்குப் போங்கள் என்று சொல்லவில்லை, அது அவரவர் விருப்பம். ஆனால் ஊர் கூடுகிற இடம் அந்த ஆலயமும் பக்கத்தில் உள்ள வில்லேஜ் ஹாலும்தான். இரண்டையும் இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் ஒரே இருபது பேர். அவர்களுக்கு உங்கள் பெயரும் முகமும் தெரிந்திருக்க வேண்டும். 2024 மார்ச் 11க்குப் பிறகு கேர் வொர்க்கர் விசாவில் வந்தவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்று விதி மாறியதில் எத்தனையோ பேர் தனியாக இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் சபை என்பது அதில் பெயர் கொடுத்தவர்களுக்கு உரியது. இங்கே சர்ச் ஆஃப் இங்கிலாந்து நாட்டின் அரசுத் திருச்சபை என்பதால் இங்கிலாந்து முழுக்கவே பாரிஷ்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் வீடும் ஏதோ ஒரு பாரிஷுக்குள் இருக்கிறது. அந்தக் குருவானவர் அங்கே குடியிருக்கும் எல்லோருக்கும் பொறுப்பு. பாரிஷில் வசிப்பவர் அந்த ஆலயத்தில் திருமணம் செய்துகொள்ளப் பொதுவாகச் சட்டப்படி உரிமை உண்டு. பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் குடியுரிமை இல்லாதவர் என்றால் மூன்று ஞாயிறு ஆலயத்தில் திருமண ஓலை (அறிவிப்பு) வாசித்து முடிப்பது போதாது. ரிஜிஸ்டர் ஆபீஸில் நோட்டீஸ் கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்குக் குறைந்தது 28 நாள், சிலருக்கு 70 நாள் வரை நீளும். மண்டபம் பிடிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

அடக்கத்துக்கும் அப்படித்தான். ஆலயக் கல்லறைத் தோட்டம் மூடப்படாமல், இடமும் இருந்தால், பாரிஷில் வசித்தவரை அங்கே அடக்கம் செய்ய உரிமை உண்டு, மதம் பார்ப்பதில்லை. பளபளப்பான கறுப்புக் கிரானைட்டில் போட்டோ பதித்துக் கல் வைப்பது நம்மிடையே வழக்கம். ஆலய வளாகங்களில் பெரும்பாலும் அதற்கு அனுமதி கிடைக்காது. துக்கத்தில் இருக்கும் குடும்பம் காசு கட்டிய பிறகு இதைக் கேள்விப்படுவது கொடுமை. ஆர்டர் கொடுக்கும் முன்பே குருவானவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம் நம்மவர் பலருக்குத் தெரியாது. மே மாதக் கடைசிக்குள், ஆலயப் பொறுப்பாளர்களான சர்ச் வார்டன்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் ஒன்று நடக்கும். ஆலய உறுப்பினர்கள் மட்டுமல்ல, பாரிஷில் வசிக்கும் உள்ளாட்சி வாக்காளர் யார் வேண்டுமானாலும் அதில் ஓட்டுப் போடலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள் என்பதால், அந்தக் குடியுரிமை உள்ளவர்கள் விசாவில் இருக்கும்போதே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். வந்த வாரமே சேருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வாரா வாரம் உங்கள் ஊரிலேயே ஆராதனை இருக்கும் என்று கிளம்பிவிடாதீர்கள். ஐந்தாறு பாரிஷ்களுக்கு, சில இடங்களில் பத்துக்குக்கூட, ஒரே குருவானவர்தான். ஒரு சேகரத்தில் பல சபைகள், எல்லாவற்றுக்கும் ஒரு ஐயர் (குருவானவர்) என்று பழகிய திருநெல்வேலிக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அங்கே ஐயர் வராத வாரம் உபதேசியார் ஆராதனை நடத்துவார். இங்கே முதல் ஞாயிறு ஓர் ஊர், இரண்டாம் ஞாயிறு அடுத்த ஊர் என்று சுற்றிவரும். ஐந்தாம் ஞாயிறு வந்தால் எல்லா ஊரும் ஒரே இடத்தில் கூடுவதுண்டு. ஆலய வாசல் நோட்டீஸ் பலகையிலும் பாரிஷ் மேகசினிலும் அட்டவணை இருக்கும். ‘எ சர்ச் நியர் யூ’ இணையதளத்தில் போஸ்ட்கோடு போட்டாலும் கிடைக்கும்.

உள்ளே போகும்போது செருப்பைக் கழற்ற வேண்டாம், பெண்கள் முக்காடு போட வேண்டாம், ஆண்களும் பெண்களும் சேர்ந்தே உட்காருவார்கள். கோட்டைக் கழற்றாதீர்கள், மே மாதத்தில்கூட அந்தக் கல் சுவருக்குள் குளிரும். பதினைந்து பேர் இருந்தாலே நல்ல கூட்டம். காலை 8 மணி ஆராதனை என்றால் பெரும்பாலும் 1662ஆம் ஆண்டு ஜெபப்புத்தகத்தின்படி, பாட்டில்லாமல், பழைய ஆங்கிலத்தில் நடக்கும், முடிந்ததும் கலைந்துவிடுவார்கள். ஆட்களோடு பழக வேண்டுமானால் காபி இருக்கிற ஆராதனையாகப் பார்த்துப் போங்கள்.

திருவிருந்து (ஆராதனையில் கொடுக்கும் அப்பமும் திராட்சரசமும்) எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 1947இல் உருவான சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), சர்ச் ஆஃப் இங்கிலாந்தும் சேர்ந்த ஆங்கிலிக்கன் கூட்டமைப்பில் முழு உறுப்பு. ஆகவே சிஎஸ்ஐ சபையார் தயங்கவே வேண்டாம். மற்றச் சபைகளில் ஞானஸ்நானம் பெற்றுத் திருவிருந்தில் சேர்ந்து வந்தவர்களையும் இவர்கள் வரவேற்கிறார்கள். கத்தோலிக்கர்களுக்கு அவர்களுடைய திருச்சபைதான் இதை அனுமதிப்பதில்லை. எடுக்காதவர்கள் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு முன்னால் போனால் குருவானவர் ஆசீர்வாதம் சொல்லி அனுப்புவார். இடத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

ஆராதனை முடிந்து வரும் அந்த அரை மணி நேரக் காபியைத் தவறவிடாதீர்கள். முதல் நாளே யாரும் வீட்டுக்குக் கூப்பிடமாட்டார்கள். அதை ஒதுக்குதல் என்று எடுத்துக்கொண்டு நம்மவர் பலர் இரண்டாம் முறை போவதில்லை. எனக்கு அது மிகவும் வருத்தமான விஷயம். இந்த ஊர்க்காரர்கள் புது ஆளோடு நெருங்குவது விருந்து வழியாக அல்ல, வேலை வழியாக. கப் கழுவும்போது, நாற்காலி அடுக்கும்போது, மேசையை மடிக்கும்போது பேச்சு தானாக வரும். பின்சுவரில் ரோட்டா என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும்: பூ அலங்காரம், காபி, வேதபாடம் வாசிப்பது, பெருக்கித் துடைப்பது, கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவது. அதில் ஒன்றே ஒன்றுக்குப் பெயர் கொடுங்கள். மற்ற மதத்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது புல் வெட்டுவதைத்தான். நம்பிக்கை குறுக்கே வராது, ஆங்கிலம் நிறையத் தேவையில்லை, கோடையில் சில சனிக்கிழமை காலைகளில் ஊரில் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். நீங்கள் செய்வது அவர்களுக்கு உண்மையாகவே உதவி, ஏனென்றால் அந்த மெஷினைத் தள்ளுகிறவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள்.

ஞாயிறு காலை ஷிஃப்ட் இருப்பவர்களுக்கு மணியடிப்பதைச் சொல்வேன். வாரத்தில் ஒரு நாள் மாலையில் பயிற்சி நடக்கும். இங்குள்ள மணி, நம் ஊரில் கயிற்றை இழுத்தால் ஆடுகிற மணி போன்றதல்ல. ஒவ்வொன்றும் ஒரு முழுச் சக்கரத்தில் மாட்டப்பட்டிருக்கும். வாய் மேலே பார்த்தபடி நின்று, ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். ராகம் எதுவும் வாசிப்பதில்லை. மணிகள் ஒலிக்கும் வரிசையை மாற்றிக்கொண்டே போவார்கள். கோபுரத்தில் ஆறு மணிகள் இருந்தால், வந்த வரிசை திரும்ப வராமல் 720 வரிசைகள் அடிக்கலாம். கணக்குப் பிடித்த பிள்ளைகள் இதில் அப்படியே ஒட்டிக்கொள்வார்கள். நம்பிக்கை என்ன என்று யாரும் கேட்பதில்லை, ஆராதனைக்கே வராத மணிக்காரர்கள் உண்டு. 2023 மே மாதம் மன்னர் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழாவை ஒட்டி நாடு முழுக்கப் புது ஆட்களைத் தேடிப் பயிற்சி கொடுத்தார்கள். ஆனாலும் கிராமக் கோபுரங்களில் ஆள் குறைவுதான். கயிற்றைத் தனியாகக் கையாளப் பல வாரம் பிடிக்கும். கற்றுக்கொடுப்பவர் இல்லாமல் தொடவே கூடாது, மணி மேல்நோக்கி நிறுத்தியிருக்கும்போது இழுத்தால் ஆளையே தூக்கிவிடும்.

சாப்பாடு கொண்டுபோவது பற்றி. எல்லோரும் ஒரு பதார்த்தம் எடுத்துவந்து பகிர்ந்து சாப்பிடும் மதியச் சாப்பாடு அடிக்கடி நடக்கும். எலுமிச்சை சாதம், பருப்பு வடை இரண்டும் நன்றாகப் போகும், காரத்தைப் பாதியாக்குங்கள். பக்கத்தில் ஒரு சீட்டில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று எழுதி வையுங்கள். இந்நாட்டுச் சட்டம் பட்டியலிடும் 14 ஒவ்வாமைப் பொருள்களில் கடுகும் எள்ளும் உண்டு. தாளிக்கிற கடுகை நாம் ஒரு பொருளாகவே நினைப்பதில்லை. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். குளூட்டன் ஆகாதவருக்கு ஒரு சிட்டிகை போதும் உடம்பைக் கெடுக்க. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுச் சீட்டு எழுதுங்கள்.

வருஷத்தில் இரண்டு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று இலையுதிர் காலத்து அறுப்பின் பண்டிகை. இப்போதுள்ள வடிவத்தை 1843இல் கார்ன்வாலில் மார்வென்ஸ்டோ என்ற கிராமத்துக் குருவானவர் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் தொடங்கினார். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்தில் தேங்காயும் வாழைத்தாரும் கோழியும் ஏலம் போகிற அதே பண்டிகைதான். இங்கே காய்கறியோடு டின் உணவும் பாஸ்தாவும் கொண்டுவந்து வைப்பார்கள், ஃபுட் பேங்குக்குப் போகும். இன்னொன்று நவம்பர் இரண்டாம் ஞாயிறு, போரில் இறந்தவர்களை நினைவுகூரும் ரிமெம்பரன்ஸ் சண்டே. வருஷத்தில் ஒரே நாள்தான் போக முடியும் என்றால் இதற்குப் போங்கள். காலை 11 மணிக்கு இரண்டு நிமிடம் ஊரே மௌனமாக நிற்கும். நினைவுத் தூணில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். அதே குடும்பப் பெயரோடு ஒருவர் உங்கள் பக்கத்திலேயே நிற்கலாம். முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நாம் அங்கே நிற்பது விருந்தாளியாக அல்ல.

நாற்பது வயதுக்காரர் ஒருவர் மூன்று மாதம் தொடர்ந்து வந்தால் பாரிஷ் சர்ச் கவுன்சிலில் சேரச் சொல்வார்கள். சந்தோஷமான அழைப்புதான், ஆனால் உடனே சரி என்று சொல்லாதீர்கள். அதன் உறுப்பினர்கள் சட்டப்படி ஒரு தர்ம ஸ்தாபனத்தின் அறங்காவலர்கள்; கூரை, கணக்கு, இன்சூரன்ஸ் எல்லாம் அவர்கள் தலையில். முதல் வருஷத்தில் பொருளாளர் பொறுப்பு வேண்டவே வேண்டாம். காணிக்கை விஷயத்தில் ஒன்று: அரசுத் திருச்சபை என்பதால் அரசு செலவு பார்த்துக்கொள்கிறது என்று நினைக்காதீர்கள். ஹீட்டிங் பில்லும் மறைமாவட்டத்துக்குக் கட்டும் பங்கும் ஊர்க்காரர் கொடுப்பதிலிருந்தும் கேக் விற்பதிலிருந்தும்தான் வருகின்றன. வருமான வரி கட்டுகிறவர் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்துப் போட்டால், கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் கூடுதலாக ஆலயத்துக்குக் கிடைக்கும்.

பிள்ளை இருப்பவர்கள் கவனிக்க: கிராமத்து ஆரம்பப் பள்ளி பெரும்பாலும் சர்ச் ஆஃப் இங்கிலாந்து பள்ளியாகத்தான் இருக்கும். வாலண்டரி கன்ட்ரோல்டு என்றால் சேர்க்கையை உள்ளூராட்சி பார்க்கும். வாலண்டரி எய்டட் என்றால் பள்ளி நிர்வாகமே விதி வைக்கும். ஆலயத்துக்கு வருவதைக் கணக்கில் எடுக்கலாம், கூடுதல் படிவம் கேட்கலாம். ஆரம்பப் பள்ளிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜனவரி 15. தினசரி வழிபாட்டிலிருந்து பிள்ளைக்கு விலக்குக் கேட்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. ஞாயிறு பள்ளியில் உதவி செய்ய விரும்பினால் டிபிஎஸ் எனப்படும் குற்றப் பின்னணிச் சோதனை கட்டாயம். மற்றவர் பிள்ளைகளைப் போட்டோ எடுக்காதீர்கள்.

பாரிஷ் கவுன்சில் வேறு, மேலே சொன்ன சர்ச் கவுன்சில் வேறு. 1894 சட்டம் ஊர் நிர்வாகத்தை ஆலயத்திடமிருந்து பிரித்துவிட்டது. விளையாட்டு மைதானம், பஸ் நிழற்குடை, நடைபாதை போன்ற ஊர்க் காரியங்களுக்குப் பாரிஷ் கவுன்சில். உங்கள் கவுன்சில் டாக்ஸ் பில்லில் அதற்கென்று ஒரு தொகை பிடிப்பார்கள். கீரையும் அவரையும் போட நிலம் வேண்டுமென்றால் அலாட்மென்ட் (வாடகைக்குக் கொடுக்கும் தோட்டத் துண்டு) உண்டா என்று அதன் கிளார்க்கிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் ஆறு வாக்காளர்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் கவுன்சில் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும், 1908ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி.

தமிழ் ஆராதனைக்காக ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் கார் ஓட்டுகிற குடும்பங்கள் எனக்குத் தெரியும். அந்தத் தாகம் புரிகிறது. தாய்மொழியில் ஜெபித்தால்தான் மனசு ஆறும். ஆனாலும் மாதத்தில் இரண்டு ஞாயிறையாவது ஊருக்கு விட்டுவையுங்கள் என்றுதான் சொல்வேன், பிள்ளைகளுக்கு ஊரில் ஒரு முகமாவது தெரிய வேண்டும். கத்தோலிக்கர்களுக்கு நார்ஃபோக்கிலேயே வால்சிங்கம் இருக்கிறது. 1061இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் மாதா திருத்தலம், 1538இல் அழிக்கப்பட்டு, பிற்காலத்தில் மீண்டும் உயிர்பெற்றது. ஒவ்வொரு கோடையிலும் தமிழர் திருயாத்திரைக்கு நாடு முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கில் வருவார்கள்; இந்துக் குடும்பங்களும் உண்டு. சீக்கிரம் கிளம்பிப் போங்கள், அன்றைக்கு அந்தச் சின்னக் கிராமத்து ரோடுகள் தாங்காது.

நைட் ஷிஃப்ட் மாறி மாறி வருகிறவர்கள், அடுத்த மாத ஷிஃப்ட் தாள் கையில் வந்ததும் ஒரு நகலைச் சர்ச் வார்டனிடம் கொடுத்துவிடுங்கள். ரோட்டாவில் உங்கள் பெயரை அதற்கேற்ப எழுதிக்கொள்வார்கள்.