'வழிபொருள்': கைப்பொதியில் போகும் பற்பசைக்கு ஒரு சொல் தேடி

குழுவினருக்கு வணக்கம்.

பிள்ளைகளைப் பார்க்க முதன்முறையாக வெளிநாடு போகும் அப்பா அம்மாக்களுக்காகத் தமிழில் ஒரு சின்னக் கையேடு தயாரிக்கிறோம். பாதுகாப்புச் சோதனைப் பக்கத்தில் வந்து சிக்கிக்கொண்டேன். லிக்விட்ஸ், ஏரோசால்ஸ், ஜெல்ஸ் மூன்றையும் சேர்த்து ஆங்கிலத்தில் 'எல்.ஏ.ஜி.' என்று சுருக்கிவிடுகிறார்கள். கூடவே டாய்லெட்ரீஸ், கேரி-ஆன் என்று இன்னும் இரண்டு. இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். 'எடுத்துச்செல்லும் சாமான்களில் திரவக் கழிப்பறைப் பொருட்கள்' என்று வந்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பினாயிலை எதுக்குடா ஃப்ளைட்ல கொண்டுபோறாங்க?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் சொல் கிடைத்தால் நலம்.

* * *

தம்பி, வணக்கம்.

கழிப்பறை பாவம், அதன் மேல் குற்றமில்லை. பிரெஞ்சில் 'துவாலெத்' என்றால் சிறு துணி. ஒப்பனை மேசைமேல் விரித்த துணிக்கு வந்த பெயர், மெல்ல அந்த மேசையில் நடக்கும் ஒப்பனைக்கும், ஒப்பனை நடக்கும் அறைக்கும், கடைசியில் பீங்கானுக்கும் போய்ச் சேர்ந்தது. டாய்லெட்ரீஸ் மட்டும் பழைய மேசையிலேயே தங்கிவிட்டது. 'ஒப்பனைப் பொருள்' என்றால் பவுடரும் மையும்தான் நினைவுக்கு வரும், பற்பசையும் சவர நுரையும் வெளியே நிற்கும். விடுதியில் இருந்தவர்கள் வாளிக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு போனதை என்ன சொன்னோம்? குளியல் சாமான். அதுவே போதும். பல் தேய்ப்பது குளியலில் சேருமா என்று எவரும் வழக்குப் போடப் போவதில்லை.

கேரி-ஆனுக்குக் 'கைப்பை' வேண்டாம். அது பெண்கள் தோளில் மாட்டுவது. 'கைப்பெட்டி' என்றால் முதுகுப்பை விடுபடும். இலங்கைத் தமிழர்கள் 'பயணப்பொதி' என்று எழுதுகிறார்கள். பொதிமாடு, பொதிசோறு எல்லாம் நமக்கும் தெரிந்தவைதானே? 'கைப்பொதி' என்று வைத்துக்கொள்வோம். விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதைப் 'பெரிய பெட்டி' என்றே எழுதிவிடுங்கள். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இனி சிக்கலுக்கு வருவோம். திரவம் என்று எழுதினால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்தவன் நான். ஒரு டிசம்பரில் அம்மாவுடன் ஐரோப்பாவில் ஒரு விமான நிலையத்தில் நின்றிருந்தேன். அம்மாவின் கைப்பொதியில் 200 மில்லி தேங்காய் எண்ணெய்ப் பாட்டில், அதில் பாதிக்கும் கீழேதான் எண்ணெய். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியில் உருகுவது. அந்தக் குளிரில் மெழுகுபோல் உறைந்து கிடந்தது. அதிகாரி எடுத்து வைத்ததும் அம்மா வாதாடினார்: "தண்ணியாவா இருக்கு? கட்டியா இருக்கு பாருங்க. அதுவும் நூறு மில்லிகூட இல்லை." இரண்டுமே உண்மை. இரண்டுமே செல்லவில்லை. பாட்டில் குப்பைத்தொட்டிக்குப் போனது.

அந்த வாதத்தில் உங்கள் கையேட்டுக்கான இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, அவர்கள் அளப்பது உள்ளே இருப்பதை அல்ல, பாட்டிலை. '100 மில்லி வரை திரவம் கொண்டுபோகலாம்' என்று எழுதினால் தமிழ் சரி, தகவல் தவறு. '100 மில்லிக்கு மேற்படாத புட்டியில்' என்று எழுத வேண்டும். இரண்டு, அவர்களுடைய 'லிக்விட்' இயற்பியல் புத்தகத்தில் இருக்கும் லிக்விட் அல்ல.

அது எப்படி அப்படி ஆனது? 2006 ஆகஸ்ட் 10 அன்று பிரிட்டனில் ஒரு சதியை முறியடித்தார்கள். அட்லாண்டிக் கடக்கும் விமானங்களைத் தகர்க்க, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த வெடிபொருளைக் குளிர்பானப் பாட்டில்களில் கொண்டுபோகத் திட்டமிட்டிருந்தார்கள். அன்றே பிரிட்டனில் கைப்பொதிக்கே கிட்டத்தட்டத் தடை. பிறகு செப்டம்பர் 26 அன்று அமெரிக்கா தன் திரவத் தடையைக் கொஞ்சம் தளர்த்தியது. நவம்பர் 6 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் 100 மில்லி, ஒரு லிட்டர்ப் பை என்ற கணக்கு வந்தது. நீர்ம வெடிபொருள் பற்றிய பயம் அதற்கும் முந்தியது. 1994 டிசம்பரில் பிலிப்பைன் ஏர்லைன்ஸ் 434 விமானத்தில் வெடித்த நைட்ரோகிளிசரின், கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவப் பாட்டிலில்தான் உள்ளே போயிருந்தது. ஆக, எக்ஸ்-கதிர்த் திரையில் தண்ணீரா, மற்றதா என்று பிரித்துச் சொல்ல முடியாத எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டார்கள். ஷாம்பு, தேன், ஜாம், வேர்க்கடலை வெண்ணெய், பற்பசை எல்லாம் 'லிக்விட்'. நிர்வாகத்துக்காகப் பிறந்த வகை அது. தமிழிலும் அதற்கு வேதியியல் பெயர் வைக்கக் கூடாது.

பாடப்புத்தகத்தின் 'நீர்மம்' அதனால் ஒத்துவராது. 'கூழ்மம்' ஏற்கெனவே கொலாய்டுக்குப் போய்விட்டது. 'நெகிழ்பொருள்' என்றால் பிளாஸ்டிக்கான நெகிழி குறுக்கே வரும். சித்த மருத்துவத்தைப் பாருங்கள். நீருக்கும் கட்டிக்கும் நடுவே எத்தனை படிகள்: சாறு, குடிநீர், மணப்பாகு, குழம்பு, இளகம், களிம்பு, பசை, களி. நமக்குப் பெயருக்குப் பஞ்சமில்லை, எல்லாவற்றையும் அடக்கும் ஒன்றுதான் இல்லை. இளகத்திலிருந்து எடுத்து 'இளகுபொருள்' என்கிறேன். எண்ணெய், ஷாம்பு, பசை, தொக்கு எல்லாம் அடங்கும்.

அந்த ஒரு லிட்டர்ப் பைக்கு 'ஒளிபுகு பை' எல்லாம் வேண்டாம். கடைக்காரர் 'கண்ணாடி கவர்' என்கிறாரே, அதையொட்டிக் 'கண்ணாடிப்பை'. மூக்குக்கண்ணாடி வைப்பது என்று எவரேனும் நினைப்பார்களோ என்று பயப்பட வேண்டாம், அதற்குக் கண்ணாடிக்கூடு இருக்கிறது.

* * *

ஐயா, வணக்கம். ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன் என்பதால் வாய் சும்மா இருக்கவில்லை.

இளகுதல் என்றால் கெட்டியாக இருந்தது சூட்டிலோ ஈரத்திலோ தளர்வது. அப்படிப் பார்த்தால் சாக்லேட் இளகும், மெழுகுவத்தி இளகும், குளியல் சோப்பும் இளகும். மூன்றையும் கைப்பொதியில் தாராளமாகக் கொண்டுபோகலாம். உங்கள் சொல்லைப் படித்துவிட்டு ஒரு பாட்டி பேரனுக்கு வாங்கிய சாக்லேட்டை வெளியே எடுத்து வைப்பார். இன்னொரு பக்கம் தண்ணீர். அது எதற்கு இளக வேண்டும்? முதலில் தடுக்கப்படுவதே தண்ணீர்தான், அதுவே சொல்லுக்குள் வரவில்லை.

அடுத்து எவராவது 'பாய்மம்' என்று சொல்லக்கூடும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாய்மத்தில் வாயுவும் சேர்த்தி. காற்றடைத்த கழுத்துத் தலையணையையும் பிடுங்க வேண்டியிருக்கும். பற்பசையோ, ஓர் அளவு அழுத்தம் கொடுக்கும்வரை அசையாமல் நிற்கும். அதனால்தான் தூரிகையில் பிதுக்கியது உருண்டு விழாமல் உட்கார்ந்திருக்கிறது. நீர்மம் என்றால் பாத்திரத்தின் வடிவத்தைத் தானாக ஏற்க வேண்டும். பற்பசை ஏற்காது.

நெய்த்தேங்காயை என்ன வகையில் சேர்ப்பீர்கள் என்றும் யோசித்தேன். 2024 அக்டோபரில், சபரிமலை போகும் பக்தர்கள் இருமுடியில் தேங்காயைக் கைப்பொதியாகவே எடுத்துப்போக மத்திய அரசு 2025 ஜனவரி 20 வரை அனுமதி தந்தது. அறிவிப்பில் தேங்காய் என்றார்கள். உள்ளே நெய் நிறைந்த பிறகு அது காயா, புட்டியா?

குறை சொல்லத்தான் வந்தேன், மாற்றுச் சொல் கொண்டுவரவில்லை. மன்னிக்கவும்.

* * *

எல்லாருக்கும் வணக்கம். 'பொதி' நல்ல சொல், நாங்கள் நெடுக எழுதுவது. புட்டி என்று போட்டால் எங்கட ஆக்களுக்குப் பால்புட்டிதான் ஞாபகம் வரும், போத்தல் என்றும் ஒரு இடத்தில் போட்டுவிடுங்கோ.

சொல் உருவாக்க எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் அம்மா கொழும்பிலிருந்து வெளிக்கிடும்போது தொலைபேசியில் நான் சொல்வது இதுதான்: "ஊத்தினால் வழியிறது, விரலால வழிச்சு எடுக்கிறது, ரெண்டையும் கைப்பொதியில வையாதேங்கோ." சீனிச்சம்பல் போத்தலை அதற்குப் பிறகு அவ கையில் கொண்டுவந்ததே இல்லை.

இன்னொன்று. பெரிய பெட்டியில் போனாலும் ஷாம்புப் போத்தலை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடச் சொல்லுங்கோ. மூடிக்குக் கீழே பொலித்தீன் துண்டு ஒன்றும் வைக்கலாம். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் 8,000 அடி மலையுச்சியில் இருப்பதுபோல் இறங்கும், நிலத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அரைப் போத்தலில் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு விரியப் பார்த்து, ஷாம்பைத் தள்ளி வெளியே அனுப்பும். ஒரு முறை சேலை முழுக்க வாசம்.

* * *

அக்கா, சொல் உருவாக்கத் தெரியாது என்று எழுதிவிட்டு அதே பத்தியில் உருவாக்கியும் கொடுத்துவிட்டீர்கள். இளகுபொருளைத் திரும்பப் பெறுகிறேன். ஆசிரியர் ஐயா சொன்னது முழுக்கச் சரி.

'வழி' என்ற வினையைப் பாருங்கள். தண்ணீர் வழியும், எண்ணெய் வழியும். மாவை வழிப்போம், பசையை வழிப்போம், சட்டியில் ஒட்டிய தொக்கை வழித்து நக்கக்கூடச் செய்வோம். தன்வினையில் ஒன்று, பிறவினையில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் சோதனைக்காரர் பிடிக்கும் பட்டியல் அப்படியே வந்துவிடுகிறது. சாக்லேட் கட்டி வழியாது, அதை வழிக்கவும் முடியாது. சோப்பும் அப்படியே. உறைந்த தேங்காய் எண்ணெய்? அகலவாய்ப் பாட்டிலில் விரலை விட்டு வழித்துத்தானே தலையில் தேய்க்கிறோம்! அம்மா அன்று இந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் வாதாடியிருக்க மாட்டார். (அம்மாவைத் தெரியும். வாதாடியிருப்பார்.)

ஆக, வழிபொருள். வினைத்தொகை. பள்ளிக்கூடத்தில் வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் எல்லோரும் சொல்வது ஊறுகாய். அதுவும் இந்தப் பட்டியலில் இருப்பது தற்செயல். ஊறுகாயில் காய் தானே ஊறுகிறது. குடிநீரில் நீரை நாம் குடிக்கிறோம். வினைத்தொகை இரண்டுக்கும் இடம் தருவதால், தானே வழிவதும் நாம் வழிப்பதும் ஒரே வடிவில் அடங்கும்.

ஒற்றில் மட்டும் கவனம் வேண்டும். நடுவே 'ப்' போட்டு 'வழிப்பொருள்' என்று அச்சாகிவிட்டால், வழிநடைக்கான பொருள், அதாவது பயணச் சாமான் முழுவதும் என்று ஆகிவிடும். மெய்ப்புத் திருத்துபவர் நல்ல எண்ணத்தில் சேர்த்துவிடுவார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வழிபாட்டுப் பொருளோடு குழம்பும் என்று எவரேனும் சொன்னால், நெய்த்தேங்காய் ஒன்றில் மட்டும் குழம்பட்டும் என்று விட்டுவிடலாம்.

ஏரோசால் இதற்குள் வராது. சென்ட், சவர நுரை, கொசுவிரட்டி இவை பீய்ச்சி வருபவை. வலிந்து இழுக்காமல் 'தெளிப்பான்' என்று தனியாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் மூன்று, தமிழில் இரண்டு. கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

தனிமடலில் ஒருவர், 'விதியே போகப்போகிறது, சொல் எதற்கு' என்று கேட்டிருந்தார். பையைச் சுற்றிலும் படமெடுத்து அடர்த்தியைக் கணக்கிடும் புதுக் கருவிகள் வந்திருப்பது உண்மை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ விமான நிலையத்தில் 2025 முதல் 2 லிட்டர் வரை விடுகிறார்கள். ஆனால் அந்தக் கருவியை வைத்த ஐரோப்பிய விமான நிலையங்களே 2024 செப்டம்பர் 1 அன்று மறுபடி 100 மில்லிக்குத் திரும்ப நேர்ந்தது. போகும்போது ஓர் ஊர், திரும்பும்போது வேறோர் ஊர் என்றால் கண்டிப்பான ஊரின் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். இன்னும் சில வருடம் சொல்லுக்கு வேலை இருக்கும்.

* * *

எல்லோருக்கும் நன்றி. கையேட்டில் இப்படிப் போடுகிறேன்:

"ஊற்றினால் வழிவதும் விரலால் வழித்தெடுப்பதும் வழிபொருள். எண்ணெய், ஷாம்பு, பற்பசை, தைலம், தேன், ஊறுகாய் எல்லாம் இதில் சேரும். கைப்பொதியில் இவற்றை 100 மில்லி அல்லது அதைவிடச் சிறிய புட்டியில்தான் (போத்தலில்தான்) வைக்க வேண்டும். பெரிய புட்டியில் கொஞ்சமே இருந்தாலும் விடமாட்டார்கள். தெளிப்பானுக்கும் இதே விதி. எல்லாப் புட்டிகளையும் ஒரு லிட்டர்க் கண்ணாடிப்பை ஒன்றில் போட்டு, எளிதில் எடுக்கும்படி மேலாக வையுங்கள். பயணத்தில் தேவைப்படும் மருந்துக்கும் கைக்குழந்தையின் பாலுக்கும் விலக்கு உண்டு. தனியே எடுத்துக் காட்டுங்கள். விமான நிலையக் கடையில் வாங்கிய வழிபொருளை முத்திரையிட்ட பையில் தருவார்கள். வழியில் விமானம் மாறுவதாக இருந்தால், கடைசி ஊர் போய்ச் சேரும்வரை அந்தப் பையைப் பிரிக்காதீர்கள்."

அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அடுத்த மாதம் அக்கா வீட்டுக்குப் போவதற்காகப் பாதி கட்டி வைத்திருந்த கைப்பொதியைத் திறந்து, புளிக்காய்ச்சல் டப்பாவை எடுத்துப் பெரிய பெட்டிக்கு மாற்றினார். பட்டியலில் புளிக்காய்ச்சல் கிடையாது.

'தெளிப்பான்' என்றதும் வயலுக்கு மருந்தடிக்கும் கருவி நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதை அடுத்த பதிப்பில் பார்ப்போம். அச்சகத்தில் இன்று மாலை கேட்டிருக்கிறார்கள்.