டைமண்ட் கட் அலாய் வீலுக்கு எந்த பிரஷ் வாங்குவது? கீறல் விழக்கூடாது

கறுப்பு_அலாய் (கோவை):

வணக்கம். வண்டியில் இருப்பது 17 இஞ்ச் டைமண்ட் கட் அலாய். முகப்பில் கடைந்த அலுமினியம் தெரியும், ஸ்போக்குகளுக்கு நடுவே குழிந்த இடமெல்லாம் பளபளப்பான கறுப்பு. இதுவரை வாட்டர் வாஷுக்குத்தான் விட்டுக்கொண்டிருந்தேன். போன தடவை பக்கத்தில் நின்று பார்த்தால், டயர் தேய்க்கிற அதே முரட்டு பிரஷ்ஷால் வீலையும் சேர்த்து ஒரே தேய்ப்பு. வெயிலில் பார்க்கும்போது கறுப்புப் பகுதி முழுக்க மெல்லிய கோடுகள். சரி, இனி வீட்டிலேயே கழுவிக்கொள்ளலாம் என்று ஆன்லைனில் தேடினேன். பன்றி முடி, மைக்ரோஃபைபர், கம்பளி மாதிரி ஒன்று, பாட்டில் கழுவுகிற மாதிரி நீளமாக ஒன்று, எல்லாவற்றின் மேலும் ‘கீறல் விழாது’ என்றே போட்டிருக்கிறார்கள். என்னிடம் பிரஷர் வாஷர் இல்லை, ஹோஸ் பைப்தான், அதுவும் போர் தண்ணீர். எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது?

நுரைமன்னன்:

கடையில் எல்லோரும் முடி மென்மையா என்று தடவிப் பார்க்கிறார்களே தவிர, அந்த முடியை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதில்லை. நீங்கள் சொல்லும் பாட்டில் பிரஷ் வகையில் நடுவே முறுக்கிய கம்பி ஓடும், நுனியில் சின்னதாக ஒரு மூடி இருக்கும். அந்த மூடி கழன்றால் கம்பி முனை நேராக வீலின் உட்புறத்தில் இடிக்கும். மூடி இருந்தாலும் நெருக்கமான ஸ்போக்குக்குள் திணிக்கும்போது முடி இரண்டு பக்கமும் சாய்ந்துகொள்ளும், கம்பிதான் ஓரத்தில் உரசும். வெளியே இழுக்கும்போது அழுக்குத் தண்ணீர் மூஞ்சியில் தெறிப்பது தனிக்கதை.

நடுத்தண்டு பிளாஸ்டிக்காக இருக்கிற பிரஷ்ஷாகப் பாருங்கள். கம்பளி மாதிரி இருப்பவற்றில் வீல் வூலீஸ் என்ற பெயர் பிரபலம். பெயரில்தான் கம்பளி, இழை பாலிப்ரொப்பிலீன். தண்ணீரை உறிஞ்சாது, அதனால் உதறினால் மண்ணெல்லாம் சீக்கிரம் விட்டுப்போகும். மைக்ரோஃபைபரும் மென்மையானதுதான், ஆனால் மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும், அலசுவதற்குப் பொறுமை வேண்டும். வீலின் உட்புறத்துக்கு இந்த இரண்டில் ஒன்று போதும்.

வீலை இறுக்குகிற லக் நட் குழிகளுக்கும் லோகோவைச் சுற்றியும் பெயின்ட் பிரஷ் மாதிரி சின்னது ஒன்று தேவைப்படும். அதில் முடியைச் சுற்றித் தகரப் பட்டை இருந்தால் வாங்காதீர்கள், முழுக்க பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது. ஏற்கெனவே தகரப் பட்டை வைத்தது வீட்டில் இருந்தால் அதன்மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் வண்டி ஆறியிருக்கும்போது ஸ்போக்குக்கும், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் காலிப்பருக்கும் நடுவே விரலை விட்டு இடைவெளியைப் பாருங்கள். தடித்த பிரஷ் நுழையாத வீலுக்குத் தடித்த பிரஷ் வாங்கி என்ன பயன்?

பட்டறை_அண்ணன் (திருச்சி):

தம்பி, மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் பிரஷ் மட்டும் கீறுவதில்லை, பிரஷ்ஷுக்கும் வீலுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிற மண்தான் பெரும்பாலும் கீறுகிறது. முன் வீலில் படியும் அந்தக் கறுப்புத் தூளில் பிரேக் டிஸ்க்கிலிருந்து தேய்ந்து வந்த இரும்புத் துகள் நிறைய இருக்கும். சூடாக வந்து ஒட்டும், அப்புறம் ஈரத்தில் துருப்பிடித்து ஆரஞ்சுப் புள்ளியாக மாறும். அதன்மேல் உலர்ந்த பிரஷ்ஷை வைத்தால், முடி எவ்வளவு மென்மையாக இருந்தாலும் உப்புத்தாளைப் போட்ட மாதிரிதான்.

பிரஷர் வாஷர் இல்லாததால் முதலில் தண்ணீரைத் தாராளமாக விடுங்கள். வீல் கையில் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், நிழலில் செய்ய வேண்டும். பிறகு இரும்புத் துகளைக் கரைக்கிற அயர்ன் ரிமூவர் அடித்து சில நிமிடம் விடுங்கள், ஊதா நிறத்தில் ஒழுகும், நாற்றமும் அடிக்கும். காய விடாமல் கழுவிவிட்டு, ஷாம்பு நிறையக் கலந்த தண்ணீரோடு அப்போதுதான் பிரஷ்ஷைக் கையில் எடுக்க வேண்டும். வீலுக்கென்று தனி வாளி. அந்த பிரஷ்ஷும் வாளியும் பாடிப் பக்கமே போகக்கூடாது.

பன்றி முடி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீரில் ஊறினால் நன்றாக மென்மையாகும், நுனி கிளைத்திருப்பதால் நுரையையும் பிடித்துக்கொள்ளும், நல்ல பிரஷ்தான். ஆனால் பல அயர்ன் ரிமூவரில் இருப்பது அமோனியம் தியோகிளைகோலேட், அதாவது பார்லரில் முடியைச் சுருட்டுவதற்கு முடியின் கட்டமைப்பைத் தளர்த்துகிற அதே சரக்கு. பன்றி முடியும் முடிதானே! தொடர்ந்து அதில் நனைத்தால் துவண்டு உதிரத் தொடங்கும். அந்த மருந்தோடு தேய்ப்பதென்றால் செயற்கை இழை, ஷாம்புவோடு மட்டும் என்றால் பன்றி முடி.

உங்கள் வீலில் கூடுதல் கவனம் ஏன் என்றால், டைமண்ட் கட் முகப்பில் பெயின்ட் கிடையாது. லேத்தில் கடைந்த வெறும் அலுமினியம், அதன்மேல் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு ஒன்று, அவ்வளவுதான். கூர்மையான ஓரங்களில் அந்தப் பூச்சு இன்னும் மெலிந்திருக்கும். அங்கே உலோகம்வரை கீறிவிட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து, பூச்சுக்கு அடியில் வெள்ளையாகப் புழு ஊர்ந்த தடம் மாதிரி அரிப்பு பரவும். அதைப் பாலிஷ் போட்டு எடுக்க முடியாது, பூச்சை உரித்து மறுபடி கடைய வேண்டும், ஒவ்வொரு தடவையும் உலோகம் கொஞ்சம் குறையும். அதனால் ஓரங்களில் அழுத்தவே அழுத்தாதீர்கள்.

வெள்ளை_செடான்:

எனக்கென்னவோ முகப்புக்கு பிரஷ்ஷே வேண்டாம் என்று தோன்றுகிறது. கை நுழைகிற இடத்தில் மைக்ரோஃபைபர் துணியோ கையுறை மாதிரி மாட்டிக் கழுவுகிற பழைய வாஷ் மிட்டோ போதும், விரலுக்கு அடியில் மண் நெருடினால் உடனே தெரிந்துவிடும். கைப்பிடி வைத்த பிரஷ்ஷில் அது தெரியாது. பிரஷ் உட்புறத்துக்கும் நட் குழிக்கும் மட்டும். இங்கே பலரும் ஏழெட்டு பிரஷ் வாங்கிப் படம் போடுகிறார்கள், அதில் பாதி அழகுக்குத்தான்.

பட்டறை_அண்ணன்:

முகப்புக்குத் துணி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்போக் பத்து, இருபது என்று இருக்கிற வீலில் துணியை உள்ளே விட்டு இழுத்தால் ஓரத்தில்தான் உரசும், அங்கேதான் பூச்சு மெலிவு. அந்த மாதிரி வீலுக்கு மென்மையான சின்ன பிரஷ்தான் நல்லது. ஐந்து ஸ்போக் என்றால் உங்கள் வழியே சரி.

சிடி_பெட்டி:

பிரஷ் கைக்கு வந்ததும் வீலில் வைக்காதீர்கள். வீட்டில் பழைய சிடி கிடக்கும், அதன் பளபளப்பான பக்கத்தை ஷாம்பு தண்ணீரில் நனைத்து, வீலில் எவ்வளவு அழுத்துவீர்களோ அதே அழுத்தத்தில் தேய்த்து, துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த பிளாஸ்டிக் கிளியர் கோட்டை விட எளிதில் கீறல் விழக்கூடியது, அதனால் அதில் ஒன்றும் தெரியாவிட்டால் வீலிலும் பயமில்லை. இதனால் சிடி வீணாகலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

கறுப்பு_அலாய்:

எல்லோருக்கும் நன்றி. என்னுடையது ஐந்து ஸ்போக்தான், அதனால் முகப்புக்குத் துணி, உட்புறத்துக்குப் பிளாஸ்டிக் தண்டு பிரஷ், நட் குழிக்குத் தகரம் இல்லாத சின்னது. டயருக்கு பழைய முரட்டு பிரஷ் தனியாக. அண்ணா, ஏற்கெனவே விழுந்த கோடுகளுக்கு என்ன செய்வது? பக்கத்து வீட்டுக்காரர் கழிவறை ஆசிட்டைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து துடைத்தால் புதுசு மாதிரி ஆகும் என்கிறார்.

பட்டறை_அண்ணன்:

அதை வீல் பக்கம் கொண்டுபோகவே போகாதீர்கள், அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். பூச்சில் எங்காவது ஓட்டை இருந்தால் அலுமினியத்தைத் தின்றுவிடும், டிஸ்க்கும் துருப்பிடிக்கும். கோடுகள் நகத்தில் தட்டாவிட்டால் அவை கிளியர் கோட்டின் மேற்பரப்பில்தான் இருக்கின்றன. ஃபினிஷிங் பாலிஷை ஃபோம் பேடில் தொட்டு, கறுப்புப் பகுதியில் மட்டும், கையாலேயே மெதுவாகப் போடுங்கள். மேட் ஃபினிஷ், அதாவது பளபளப்பில்லாத வீல் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யக்கூடாது, அங்கங்கே பளபளத்து அசிங்கமாகிவிடும். முடித்ததும் அழுக்கு ஒட்டாமல் காக்கிற சீலன்ட் ஒரு கோட் போடுங்கள், அடுத்த தடவை பாதி அழுக்கு வெறும் தண்ணீரிலேயே போய்விடும்.

நுரைமன்னன்:

போர் தண்ணீர் என்றீர்களே, அது வீலிலேயே காய்ந்தால் வெள்ளைக் கறை படியும், அதைத் தேய்க்கப் போய்த்தான் அடுத்த கீறல் வரும். ஒவ்வொரு வீலையும் கழுவியவுடன் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். உட்புறத்தில் பிரஷ் விடும்போது வீல் ஆடாமல் சுழல்வதற்காக வைத்த பேலன்சிங் எடை ஒட்டியிருக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், பெயர்ந்துவிட்டால் ஸ்டீயரிங் ஆடும். பிரஷ்ஷை அலசி, முடி கீழே இருக்கிற மாதிரி தொங்கவிடுங்கள், வாளிக்குள் போட்டு வைத்தால் அடியில் தங்கிய மண் அத்தனையும் மறுபடி அதில் ஏறிவிடும்.